வண்டிக்குக் குரல், பெண்ணுக்கு வயிறு

ஏரியூரில் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கல்லூரி மாணவிகள். பென்னாகரத்துக்கும் தர்மபுரிக்கும் பஸ் ஏறிப் போய்ப் படித்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டியவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ‘கல்கி 2898 ஏடி’ படத்தை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். படம் முடிந்ததும் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண் கேட்டாள்: “அக்கா, இந்தப் படத்துல அதிகமா பேசற பொண்ணு யாரு, சொல்லுங்க பாக்கலாம்?”

தீபிகா படுகோன் என்று ஒருத்தி ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். ஷோபனாவா, அன்னா பென்னா என்று இன்னொருத்தி இழுத்தாள். “வண்டிதாங்க்கா” என்றாள் கேட்டவள்.

எல்லோரும் சிரித்தோம். அவள் சரியாகத்தான் சொல்லியிருந்தாள். பிரபாஸ் ஓட்டும் புஜ்ஜி என்ற வண்டிக்குத் தமிழிலும் கீர்த்தி சுரேஷ் குரல் கொடுத்திருக்கிறார். அது அவனைக் கேலி செய்கிறது, அதட்டுகிறது, கொஞ்சுகிறது, தேவைப்பட்டால் அவனுக்காகச் சுடுகிறது. வயிற்றில் பிள்ளையோடு படம் முழுக்கத் துரத்தப்படுகிற பெண்ணோ அழுகிறாள், ஓடுகிறாள், மயங்கி விழுகிறாள், மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆயுதம் பூட்டிய வண்டி அறிவியல் புனைவுக்குப் புதிதில்லை. நம் படங்களில் அந்த வண்டி வரும்போதெல்லாம் ஒரு கருப்பையும் பக்கத்தில் வருகிறதே, அது ஏன் என்பதுதான் அன்றிலிருந்து என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் ஆயுதத்தைப் பார்ப்போம். அறிவியல் புனைவுக்கு மிகவும் பிடித்த ஆயுதங்களில் ஒன்று மின்காந்தப் பீரங்கி. வெடிமருந்து கிடையாது, புகை கிடையாது. மின்சாரமே குண்டைத் தள்ளும். இங்கே போர்வெல் மோட்டார் எரிந்துபோனால் “காயில் போயிடுச்சு” என்று வைண்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம் இல்லையா, அதே காயில்தான். செம்புக் கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகி இரும்பை உள்ளே இழுக்கும். இரும்பு சுருளின் நடுவுக்கு வந்ததும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு அடுத்த சுருளுக்குக் கொடுத்தால் அது இழுக்கும். அதற்கடுத்தது இன்னும் வேகமாக இழுக்கும். சுருள்களை வரிசையாக அடுக்கிய குழாய் துப்பாக்கியாகிவிடுகிறது. ஜெர்மானியக் கணித மேதை காஸின் பெயரை இதற்கு வைத்திருக்கிறார்கள். சுருளுக்குப் பதில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே பெரும் மின்சாரத்தைப் பாய்ச்சிக் குண்டைத் தள்ளும் இன்னொரு வகையும் உண்டு. உலகப் படைகள் அதிகம் செலவு செய்தது அந்த இரண்டாவது வகை மேல்தான்.

உங்கள் வீட்டில் வீடியோ கேம் ஆடும் தம்பி இருந்தால் ‘ஹேலோ’ என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் வார்ட்ஹாக் என்று ஒரு ராணுவ ஜீப். 2004இல் வந்த இரண்டாவது ஹேலோவில் அந்த ஜீப்பின் முதுகில் காஸ் பீரங்கியை ஏற்றினார்கள். ஒருவன் ஓட்டுகிறான், பின்னால் நின்று ஒருவன் சுடுகிறான். கதாநாயகனின் தலைக்கவசத்துக்குள் கோர்ட்டானா என்றொரு செயற்கை அறிவு குடியிருக்கிறது: பெண் குரல், நீல ஒளியால் ஆன பெண் உருவம், உடம்பில் துணி என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. போருக்குப் போகிற ஆணின் காதில் வழி சொல்லும் பெண் குரல் என்ற ஏற்பாடு புஜ்ஜிக்கு 20 வருடம் முன்பே தயாராக இருந்திருக்கிறது.

இந்தப் பீரங்கியைப் பற்றி இயற்பியல் மாணவி சொன்ன இன்னொரு விஷயம் எனக்குப் பிடித்தது. 2010 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை வர்ஜீனியாவில் இருக்கும் டால்கிரன் சோதனைத் தளத்தில் இப்படியொரு பீரங்கியால் சுட்டுப் பார்த்தது. குண்டு வெளியேறியபோது அதில் இருந்த ஆற்றல் 33 மெகாஜூல். நம் மின்வாரியக் கணக்கில் அது 9 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். இரண்டு மாதத்தை இலவச 100 யூனிட்டுக்குள் ஓட்டிவிடும் வீட்டுக்கு அது ஐந்து நாள் மின்சாரம். அதைக் கண் சிமிட்டும் நேரத்தில் கொட்ட வேண்டும். வீணாகும் ஆற்றல் இந்தக் கணக்கில் வரவில்லை. கொட்டுகிற அளவை முன்கூட்டியே சேமித்து வைக்க வேண்டும். சேமித்து வைக்கும் பெட்டிகளுக்குப் பீரங்கியைவிட அதிக இடம் வேண்டும். சுடச் சுடத் தண்டவாளமும் தேய்கிறது. 15 வருடம்போல முயன்றுவிட்டு 2021இல் அமெரிக்கக் கடற்படை திட்டத்தை நிறுத்திக்கொண்டது. ஜப்பான் 2023இல் கப்பலில் ஏற்றிக் கடலில் சுட்டுப் பார்த்தது. இந்தியாவில் புனேயில் உள்ள ராணுவ ஆராய்ச்சி நிலையம் சிறிய அளவில் முயன்றுவருகிறது. கப்பலுக்கே இவ்வளவு பாடு என்றால் ஜீப்பின் முதுகில் ஏற்றிக்கொண்டு மேடு பள்ளத்தில் பறப்பதெல்லாம் புனைவில்தான் நடக்கும்.

புனைவில் நடக்கட்டும், குற்றமில்லை. ஆனால் புனைவு எதை மறைத்து அதை நடத்துகிறது என்று பார்க்க வேண்டும். பீரங்கி சுடுவது திரையில் தெரியும். அதற்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது, யார் சேமித்து வைத்தார்கள், எரிந்த காயிலை யார் திரும்பச் சுற்றினார்கள் என்பது தெரியாது. சாப்பாட்டுத் தட்டு வந்து விழும், அடுப்படி தெரியாது என்ற பழைய கதைதான். இந்த ஊரில் இதைச் சொல்லும்போது மேட்டூர் நினைவுக்கு வராமல் இருக்காது. ஏரியூர் ஒன்றியத்து நாகமரையில் நின்றால் எதிரே பண்ணவாடிக்குப் பரிசல் போகும் நீர்ப்பரப்பு முழுவதும் 1934இல் கட்டி முடித்த அந்த அணையின் தேக்கம்தான். தண்ணீர் இறங்கினால் மூழ்கிய கோயிலின் நந்தி தலை காட்டும். பல்பு எரியும்போது யாருக்கும் நந்தி ஞாபகம் வருவதில்லை.

இனி நம் படங்கள். தமிழில் மின்காந்தத்தை ஆயுதமாக்கிக் காட்டிய பெரிய படம் 2010இல் வந்த ‘எந்திரன்’. சிட்டி என்ற ரோபோவுக்குக் காந்த சக்தி உண்டு. திருவிழா ஒலிபெருக்கிச் சத்தத்தில் சனாவால் பரீட்சைக்குப் படிக்க முடியவில்லை என்று நிறுத்தச் சொல்லப் போகிறான். அடிக்க வந்தவர்களின் அரிவாளும் கத்தியும் பறந்துவந்து அவன் உடம்பில் ஒட்டிக்கொள்ள, சாமிபோல நிற்கிறான். தியேட்டரில் கைதட்டல் பறந்த காட்சி, நானும் தட்டியிருக்கிறேன். பிற்பாதியில் அதே காந்தம் திசை மாறுகிறது. கல்யாண மேடையிலிருந்து சனாவைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு போகிறான். துரத்தி வரும் போலீஸின் துப்பாக்கிகளைக் காந்தத்தால் இழுத்து அவற்றாலேயே திருப்பிச் சுடுகிறான். உச்சக்கட்டத்தில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் காந்தத்தால் ஒன்றோடொன்று ஒட்டிப் பந்தாகி எல்லாப் பக்கமும் சுட்டுக்கொண்டே உருள்கின்றன. வண்டியேறிய மின்காந்தப் பீரங்கிக்குத் தமிழ் சினிமா இதைவிட நெருங்கியதில்லை.

இவ்வளவு துப்பாக்கியும் எதற்காக? சனாவின் வயிற்றுக்காக. இயந்திரமும் மனுஷியும் சேர்ந்து பிள்ளை பெறும் வழியைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சிட்டி அவளிடம் சொல்கிறான். அவள் மருத்துவ மாணவி. அவன் சொல்வது நடக்குமா நடக்காதா என்று அவளால் ஒரு கேள்வியாவது கேட்டிருக்க முடியும். படிப்பு அவளுக்குப் படத்தின் முற்பாதியில் மட்டும் தேவைப்பட்டது. அதுவும் சிட்டி வந்து காப்பியடிக்க உதவுவதற்காக.

இதைவிட எனக்கு உறுத்துவது தீ விபத்துக் காட்சி. குளித்துக்கொண்டிருக்கும் பெண்ணைச் சிட்டி தீயிலிருந்து மீட்டு, உடம்பில் துணியில்லாமல் டி.வி. கேமராக்களுக்கு முன் கொண்டுவந்து நிறுத்துகிறான். அவள் வெட்கத்தில் ஓடுகிறாள், வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். அதன்பின் படம் அவள் வீட்டுக்குப் போவதில்லை. இயந்திரத்துக்கு மனித உணர்ச்சி தெரியவில்லையே என்று விஞ்ஞானி கவலைப்படுகிறார். கதை உணர்ச்சியைச் சொல்லிக்கொடுக்கும் பாடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. ஒரு பெண்ணின் சாவு இயந்திரத்தின் பாடத்திட்டத்தில் முதல் பாடம். கேமராவைத் திருப்பத் தெரியாத நிருபர்களுக்கு அந்த உணர்ச்சிப் பாடத்தை நடத்த யாருக்கும் தோன்றவில்லை.

14 வருடம் கழித்து, 2024 ஜூன் 27இல், ‘கல்கி’ வருகிறது. இயக்கியவர் நாக் அஸ்வின். தெலுங்குப் படம் என்றாலும் கமல்ஹாசன், பசுபதி, ஷோபனா, கீர்த்தி சுரேஷின் குரல், சந்தோஷ் நாராயணன் இசை என்று நமக்குப் பக்கத்து வீட்டுப் படம்தான். அந்த வண்டியே கோயம்புத்தூரில் பிறந்தது. ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் மஹிந்திராவும் சேர்ந்து, முன்னால் இரண்டு ராட்சதச் சக்கரமும் பின்னால் உருண்டைச் சக்கரமுமாக, ஆறு டன் எடையில் நிஜமாகவே ஓடும்படி செய்தார்கள். படம் வருவதற்கு ஒரு மாதம் முன்பே வண்டியை மேடையேற்றி அறிமுகப்படுத்தினார்கள். ஊர் ஊராக அதைக் கொண்டுபோய் நிறுத்தியபோது கூட்டம் கூட்டமாகப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். கதாநாயகிக்கு முன்னால் வண்டி அறிமுகமாகிவிட்டது.

பெயரைக் கவனியுங்கள். தெலுங்கில் புஜ்ஜி என்றால் சின்னஞ்சிறியது, செல்லம். எங்கள் எல்லைப் பக்கத்தில் மூன்று மொழியும் கலந்து புழங்குவதால் இந்தச் சொல்லுக்குப் பொழிப்புரை வேண்டியதில்லை. கைக்குழந்தையும் புஜ்ஜி, காதலியும் புஜ்ஜி, பூனைக்குட்டியும் புஜ்ஜி. ஆறு டன் எடையுள்ள, துப்பாக்கி பூட்டிய இரும்புக்கு அந்தப் பெயரை வைத்துப் பெண் குரலையும் கொடுத்துவிட்டால் அதன் மேல் பயம் வராது, பாசம் வரும். அது யாரைச் சுட்டாலும் நாம் செல்லமாகத்தான் பார்ப்போம். கீர்த்தி சுரேஷ் அந்தக் குரலை அழகாகப் பேசியிருக்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். படத்தில் நான் மனம்விட்டுச் சிரித்த இடங்கள் புஜ்ஜி பேசும் இடங்கள்தான். அந்த அழகு யாருக்கு வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி. புஜ்ஜி எவ்வளவு வாயாடினாலும் கடைசியில் பைரவா சொல்கிற பக்கம்தான் திரும்பும். எதிர்த்துப் பேசுகிறாள், ஆனால் மறுப்பதில்லை. நிறைய வீடுகளில் “எங்க வீட்ல அவதான் எல்லாம், நான் வாயே திறக்க மாட்டேன்” என்று சிரிக்கிற ஆண்கள் கேட்பதும் இப்படியொரு பேச்சைத்தான்.

வண்டிக்கு இவ்வளவு செல்லமான பெயர். பெண்ணுக்கு? எஸ்.யு.எம்.-80 என்ற எண். காம்ப்ளெக்ஸ் என்ற அதிகாரக் கோட்டை, பிள்ளை பெறக்கூடிய பெண்களைப் பிடித்து அடைத்து, செயற்கையாகக் கருத்தரிக்கவைத்து, கருவிலிருந்து சாற்றை உறிஞ்சி யாஸ்கின் என்ற தலைவனின் உயிரை நீட்டுகிறது. அந்தப் பெண்களில் ஒருத்தி அவள். தப்பி ஓடிய பிறகுதான் சுமதி என்ற பெயர் கிடைக்கிறது. அவள் தலைக்கு விலை வைக்கிறார்கள். அந்த விலைக்காக அவளைப் பிடித்துக் கொடுக்கக் கிளம்புகிறவன்தான் நம் கதாநாயகன், ஏறிப்போவது புஜ்ஜியில். அந்த உலகத்தில் பணத்துக்குப் பெயரும் யூனிட் என்பது தற்செயல்தான். பெண் குரல் உள்ள வண்டி, கர்ப்பிணிப் பெண்ணை வேட்டையாடப் போகிறது. வழியில் ஓரிடத்திலாவது புஜ்ஜி “இவளை எதுக்குப் பிடிக்கிறோம்?” என்று வண்டியை ஓரம் கட்டியிருந்தால் படமே வேறாகியிருக்கும்.

ஒரு மறுப்பு வரும், நியாயமானதும்கூட. பெண்களைக் கருப்பையாக மட்டும் பார்க்கும் உலகத்தைக் கொடூரம் என்றுதானே படம் காட்டுகிறது, சுமதியின் மௌனம் அந்தக் கொடூரத்தின் அடையாளம்தானே என்பார்கள். ஆய்வுக்கூடத்துக்குள் நடக்கும் காட்சிகளுக்கு அது பொருந்தும். அவள் வெளியே வந்த பிறகு? காப்பாற்ற வருகிற அஸ்வத்தாமனுக்கும் வேண்டியது வயிற்றில் இருக்கிற தெய்வம். ஷம்பாலாவில் அடைக்கலம் கொடுக்கிறவர்களுக்கும் அவள் தங்கள் நம்பிக்கையின் தாய். தீக்குள் நடந்து அவள் கருகாமல் வெளிவரும்போதுகூட அந்தப் பெருமை பிள்ளைக்குப் போகிறது. வில்லனுக்கும் நாயகனுக்கும் குறி ஒன்றுதான். ஒருவன் உறிஞ்ச நினைக்கிறான், மற்றவன் வணங்க நினைக்கிறான். உனக்கு இந்தப் பிள்ளை வேண்டுமா என்று இரண்டு தரப்பிலும் அவளை ஒருவரும் கேட்கவில்லை. சண்டை போடத் தெரிந்த பெண்ணாக வரும் கைராவும் வழியிலேயே செத்துப்போகிறாள்.

அஸ்வத்தாமன் கதை எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. திரௌபதை அம்மன் கோயில்களில் பாரதம் வாசித்து, ராத்திரி கூத்து ஆடி, படுகளம் போட்டுப் பார்த்து வளர்ந்த மாவட்டம் இது. போர் முடிந்த இரவில் தூங்கிக்கொண்டிருந்த திரௌபதையின் பிள்ளைகளைக் கொன்றவன் அவன். அதோடு நிற்காமல் உத்தரையின் வயிற்றில் இருந்த கருவைக் குறிவைத்து அஸ்திரம் விட்டவன். கருப்பையைக் குறிவைத்த ஆயுதத்தை 2898இல் போய்த் தேட வேண்டாம் என்பதைப் படமே முதல் காட்சியில் ஒப்புக்கொள்கிறது; அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகத்தான் அவன் யுகங்கள் தாண்டி இன்னொரு கருவைக் காக்க வருகிறான். பாரதத்தில் அந்த இடத்தில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஒருத்தி உத்தரை, அவள் வயிறுதான் கதைக்குத் தேவை. இன்னொருத்தி பிள்ளைகளைப் பறிகொடுத்த திரௌபதை. அவன் தலையில் இருக்கும் மணியைக் கொண்டுவந்தால்தான் ஆச்சு என்று பட்டினி உட்கார்ந்து பழி கேட்கிறாள். நம் ஊர்கள் கோயில் கட்டியது அவளுக்கு. படமோ உத்தரையை மட்டும் எடுத்துக்கொண்டது.

கூத்தில் திரௌபதையாக வேஷம் கட்டுவது வழக்கமாக ஆண்தான். அந்த வேஷக்காரன் அடித்தொண்டையிலிருந்து எடுத்துப் பாடும்போது சபையில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் தலை குனிவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பெண்ணின் குரலை ஆண் உடம்பு சுமக்கலாம், இரும்பும் சுமக்கலாம். அந்தக் குரல் கேள்வி கேட்கிறதா, துணைக்கு வருகிறதா என்பதில்தான் இரண்டுக்கும் தூரம்.

இந்த வகைக் கதையைத் தமிழில் வேறு மாதிரி எழுதவே முடியாதா என்று கேட்டால் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வைச் சொல்வேன். 80களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. சுஜாதாவின் பெண்கள் மேல் எனக்கு நிறையக் குறை உண்டு. அவர் வர்ணனைகளின் கண் பல சமயம் எங்கே போகும் என்று படித்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்த நாவலில் நடுவில் இருப்பவள் நிலா. பிள்ளை பெறுவதற்கும் அரசு அனுமதி வேண்டிய எதிர்காலம் அது. புருஷன் காணாமல் போக, அவள்தான் தேடிக் கிளம்புகிறாள். அவளுக்குத் துணை ஜீனோ என்ற இயந்திர நாய். வாயாடுவது, புத்தகம் படிப்பது, கிண்டல் செய்வது எல்லாம் நாய். பேசும் இயந்திரம் துணைக்கு வருகிறது, ஆனால் பயணம் பெண்ணுடையது. புஜ்ஜி ஏற்பாட்டுக்கு நேர் தலைகீழ். கடைசியில் அவளை அரியணையில் உட்காரவைத்துப் பின்னால் நின்று ஆட்டுவிப்பவர்கள் ஆண்களாக இருக்கிறார்கள். பொம்மை ராணியாக இருப்பது என்ன என்பதை அடுத்த பாகமான ‘மீண்டும் ஜீனோ’ எடுத்துக்கொள்கிறது. குறையோடுதான் என்றாலும், கேள்வியை அது மூடி வைக்கவில்லை. அந்த சுஜாதாதான் ‘எந்திரன்’ வசனத்திலும் பங்கெடுத்தவர் என்பது வேடிக்கை. நிலாவை எழுதிய கை எங்கே போயிற்று என்று யோசித்திருக்கிறேன். பெரிய பட்ஜெட்டில் நாயைவிட நாயகனுக்குத்தான் சம்பளம் அதிகம்.

வாசிப்பு வட்டத்தில் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: “நம்ம ஊர்ப் பக்கமும் வண்டி வரும்க்கா.” யாரும் என்ன வண்டி என்று கேட்கவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதை 1994ஆம் வருடச் சட்டம் தடை செய்திருக்கிறது. பெண் சிசுக்கொலைக்காகவே வெளியூரில் எங்கள் மாவட்டத்தின் பெயர் தெரிந்த காலம் உண்டு. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் தர்மபுரிக்கும் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு தொட்டிலுக்கு வரும் முன்பே வேலையை முடிக்கும் வழி வந்துவிட்டது. கையில் தூக்கிப் போகும் அளவு ஸ்கேன் கருவி. ஊருக்கு ஒதுக்குப்புறமான வீடு, இடைத்தரகர், கர்ப்பிணிகளை ஏற்றிப்போக ஆட்டோவோ காரோ. 2022லிருந்து தர்மபுரியில் இப்படிப்பட்ட கும்பல்கள் பிடிபட்ட செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டோம். வண்டியில் வரும் கருவி, அதற்குக் குறி கருப்பை. இதைப் புனைவென்று யாரும் சொல்ல முடியாது.

ஸ்கேன் கருவியில் வேலை செய்வது மின்காந்தம் இல்லை, ஒலி. அந்த ஒலி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் தூக்கிவாரிப் போடுகிறது. முதல் உலகப் போரில் கடலுக்கடியில் வரும் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க பிரான்சில் லாஞ்செவின் என்ற இயற்பியலாளர், காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி அதன் எதிரொலியைப் பிடிக்கும் முறையை உருவாக்கினார். பிறகு அதே முறை தொழிற்சாலைகளில் இரும்பில் விரிசல் பார்க்கப் பயன்பட்டது. 50களில் கிளாஸ்கோ நகரத்தில் இயான் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர், போரில் விமானப்படையில் இருந்தவர், அந்த விரிசல் பார்க்கும் கருவியைப் பெண்களின் வயிற்றில் வைத்துப் பார்த்தார். 1958இல் அவரும் கூட்டாளிகளும் ‘லான்செட்’ மருத்துவ இதழில் அதை எழுதினார்கள். கடலுக்குள் எதிரியைத் தேடிய கருவி கருப்பைக்குள் சிசுவைத் தேட வந்தது. அதனால் எத்தனையோ தாய்களும் பிள்ளைகளும் பிழைத்திருக்கிறார்கள். எனக்கும் அதை வைத்துப் பார்த்துத்தான் பிரசவம் சிக்கலில்லாமல் முடிந்தது. கருவியின் மேல் எனக்குக் கோபமில்லை. அதன் திரை யார் பக்கம் திருப்பிவைக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறேன். படுத்திருக்கிறவளுக்குத் திரை தெரியாது. பக்கத்தில் நிற்கிறவர்கள் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். எஸ்.யு.எம்.-80 கண்ணாடி அறைக்குள் படுத்திருந்த காட்சியில் எங்கள் பெண்கள் யாரும் வாய் திறக்காமல் பார்த்ததற்குக் காரணம் சினிமா மட்டும் இல்லை.

அந்த விதத்தில் ‘கல்கி’யின் ஆய்வுக்கூடம் மிகையாகத் தெரியவில்லை. குறை வேறிடத்தில். அடைபட்ட அத்தனை பெண்களும் என்ன நினைத்தார்கள், தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள், யார் யாருக்காகப் பொய் சொன்னார்கள் என்பதற்கு மூன்று மணி நேரப் படத்தில் இடம் கொஞ்சம்தான். வண்டியோடு நடக்கும் கேலிப் பேச்சுக்கு அதைவிட அதிக இடம். தர்மபுரியில் ஸ்கேனுக்குக் கூட்டிப்போகப்பட்ட பெண்களின் கதையும் செய்தியில் இப்படித்தான் வருகிறது: கருவி என்ன விலை, எத்தனை பேர் கைது, எந்த வண்டி பறிமுதல். உள்ளே ஏறி உட்கார்ந்தவள் என்ன சொன்னாள் என்பது வருவதில்லை.

கல்லூரிச் செய்முறைக் கண்காட்சிக்கு அந்த இயற்பியல் மாணவி ஒரு சின்னக் காந்தத் துப்பாக்கி செய்தாள். பிளாஸ்டிக் குழாய், செம்புக் கம்பி, பேட்டரி, குண்டுக்குப் பதில் ஓர் ஆணித்துண்டு. கம்பி சுற்றத்தான் அவளுக்கு வரவில்லை; சுற்று மேல் சுற்று ஏறிப் புடைத்துக்கொண்டது. கோயம்புத்தூரில் பம்ப்செட் கம்பெனி ஒன்றில் வைண்டிங் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு ஊருக்கு வந்திருந்த அவள் சித்தி, பிரித்துப்போட்டு முதலிலிருந்து சுற்றிக் கொடுத்தார். அந்த வேலையில் கோவைப் பக்கம் பெண்கள் நிறைய. போச்சம்பள்ளியில் ஓலா நிறுவனம் பெண்களை மட்டும் வைத்து மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை நடத்தப்போவதாக 2021இல் அறிவித்தபோது எங்கள் வட்டத்திலேயே இரண்டு பேர் விண்ணப்பம் போட்டார்கள். வண்டிக்குள் பெண்ணின் குரல் வந்தது இப்போதுதான். கை முன்பே உள்ளே போய்விட்டது.

எங்களுக்கு அதை வட்டத்தில் ஒரு தடவை சுட்டுக் காட்டினாள். “டக்” என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆணி போனதே தெரியவில்லை. “முழுநாள் சுத்தினது இதுக்குத்தானா?” என்றார் சித்தி. பிறகு எல்லோரும் குனிந்து பெஞ்சுக்கடியில் ஆணியைத் தேட ஆரம்பித்தோம். குழந்தைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடம்.